சத்திரத்துச் சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது

திருவண்ணாமலை மாட வீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் பழைய சத்திரங்களையும் மடங்களையும் நிர்வகித்து வரும் அறங்காவலர்களுக்கும், தலைமுறை தலைமுறையாக அங்கே வீடு வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

இதை மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகவோ அமைச்சருக்குக் கோரிக்கையாகவோ எழுதவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். காரணம், ஊரின் பழைய கட்டடங்களில் எது நிற்கும், எது விழும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. கோயிலைச் சுற்றி ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்பலாம், கீழே கடை, மேலே அறை என்று கணக்குச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்திருப்பார்கள். அவருக்கு நீங்கள் பதில் சொல்லும் முன் என் பேச்சையும் கேளுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்களிடம் இருக்கும் கட்டடங்களில் ஒன்றை, பெரிய கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை, இந்த ஊரின் வரலாற்றுக்கான அருங்காட்சியகமாக மாற்ற முன்வாருங்கள். ஏன், எப்படி, அதற்கு எழும் தடைகளுக்கு என்ன வழி என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான ஜனங்கள் பௌர்ணமிதோறும் இங்கே வருகிறார்கள். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், 14 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள், பஸ் ஏறிப் போகிறார்கள். பக்திக்கு அது போதும். ஆனால் இது எப்படிப்பட்ட ஊர் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் நட்ட கல். எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் எசமானுக்குக் காவல் நின்றது என்றும் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பதித்து வைத்த மண் இது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து 1972-இல் இரா. நாகசாமியின் பதிப்பில் புத்தகமாக வெளியிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும், அந்தப் புத்தகத்தில் உள்ளது என்னவென்று இங்கு வரும் பக்தருக்கு எடுத்துக்காட்ட மாட வீதியில் ஒரு சுவர் கிடையாது.

இன்னொன்றைப் பாருங்கள். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் தன் வடக்குத் தலைநகரம் பாழ்பட்ட பிறகு இந்த ஊரையே தலைநகராக வைத்து ஆண்டான். 1342-இல் மதுரைச் சுல்தானின் படையிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் உடலுக்கு நேர்ந்த கொடுமையை, அதே காலத்தில் மதுரைக்கு வந்த இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். அந்த மன்னனுக்குத்தான் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கிறார். கோயிலுக்குள் அவன் பெயரிலேயே வல்லாள மகாராஜா கோபுரம் நிற்கிறது. மொராக்கோவிலிருந்து வந்த பயணியின் குறிப்பும் நம் ஊர்க்காரர் ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் கூடி நடத்தும் சடங்கும் ஒரே மனிதனைப் பற்றியவை. பிள்ளையில்லாத அரசனுக்குக் கடவுள் பிள்ளையான கதையாக மட்டுமே அது நம்மிடம் தங்கிவிட்டது. தோற்றுப்போன ஓர் அரசனை அவன் மக்கள் எழுநூறு ஆண்டாகக் கைவிடவில்லை என்ற வரலாறும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? 1767 செப்டம்பரில் செங்கத்திலும், பிறகு இதே திருவண்ணாமலையிலும், ஐதர் அலியும் நிஜாமும் கும்பினிப் படையோடு மோதினார்கள். கோயில் மதிலே கோட்டைச் சுவராக இருந்த காலம் அது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பிறகு ரமணர் என்று உலகமே அவரைத் தேடி இந்த மலையடிக்கு வந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1989, 1990-இல் திருவண்ணாமலையைப் பற்றிப் பல தொகுதிகள் வெளியிட்டன. அவற்றில் ஒன்று கோயிலை விட்டுவிட்டு ஊரை மட்டுமே எடுத்துப் பேசுகிறது. அதுவும் பிரெஞ்சு மொழியில். நம் தெருக்களைப் பற்றி அந்நிய நாட்டு வாசகருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்றே நம்புகிறேன்.

இதற்குப் புறவழிச் சாலைப் பக்கம் அரசு புதுக் கட்டடம் கட்டிக்கொள்ளட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளுக்குப் புதுக் கட்டடம் போதும். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் அதற்கு நல்ல சான்று. ஆனால் அந்தப் புதுக் கட்டடத்தையே செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய வீட்டின் சாயல் இருந்தால்தான் பார்ப்பவர் மனசு ஒட்டும் என்பது கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சாயலைக் காசு கொடுத்து உண்டாக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை, அசலே உங்களிடம் இருக்கிறது. வழிப்போக்கர் படுத்த திண்ணை, சாப்பாட்டுப் பந்தி நடந்த கூடம், புகை படிந்த அடுக்களை, கிணற்றடி, உபயதாரர் பெயர் வெட்டிய கல் எல்லாமே காட்சிப் பொருள்கள்தாம். ரயிலும் லாட்ஜும் வராத காலத்தில் கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் எங்கே தங்கியது, யார் சோறு போட்டார்கள், அந்தச் சோற்றுக்கு எந்த ஊர் நிலத்தின் நெல் வந்தது என்று சொல்வதற்கு ஒரு சத்திரத்தை விடப் பொருத்தமான இடம் வேறு எது?

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. மதுரைக்குப் போனால் ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் மாளிகையைப் பார்க்கலாம். நாயக்கர் காலத்து வேனில் மாளிகை அது. நாயக்கர் ஆட்சி போன பின் பல கை மாறி, வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பங்களாவாகவும் ஆனது. 1955-இல் மாநில அரசு அதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கேதான் இருக்கிறது. 1921-இல் அவர் அரை வேட்டிக்கு மாறியது அதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில். அந்த நகரத்தில், அந்த மாளிகைக்குள், அந்தத் துணியைப் பார்க்கும்போது ஏற்படும் பாதிப்பை வேறெந்தக் கான்கிரீட் கூடமும் தந்துவிடாது. சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் கட்டியது. வியாபாரம் நொடித்த பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி மாளிகையாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இல்லமாக இருந்தது. 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. 1997-இல் அரசு அதை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டது, கண்காட்சி வந்தது. விற்கவில்லை, தானமாகவும் எழுதிக் கொடுக்கவில்லை, குத்தகைதான். இந்த வழி உங்களுக்கும் உண்டு. நம் ரமணரையே எடுத்துக்கொண்டால், திருச்சுழியில் அவர் பிறந்த வீடும், மதுரையில் அவருக்கு மரண அனுபவம் நேர்ந்த வீடும் இன்றும் நினைவிடங்களாகப் பேணப்படுகின்றன. அவர் ஐம்பத்து மூன்று ஆண்டு வாழ்ந்த ஊர் அந்த அக்கறையை ஆசிரமத்துக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆரணிப் பக்கம் பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் குடும்பம் கட்டிய கண்ணாடி மாளிகை கூரை இற்று, மரம் முளைத்து, சுவர் சரிந்து கிடக்கிறது. படம் எடுக்க வருபவர்கள் உண்டு, பழுது பார்க்க வந்தவர் இல்லை. ஊருக்குள்ளேயே, வடக்குக் கோபுரத்துக்கு எதிரில் இருந்த அம்மணி அம்மாள் மடம் 2023-இல் என்ன பாடுபட்டது என்று நீங்கள் நேரில் பார்த்தீர்கள். ஆக்கிரமிப்பை மீட்கிறோம் என்று ஒரு தரப்பும், பழமையான மடத்தையே இடிக்கிறார்கள் என்று இன்னொரு தரப்பும் மோதி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. செங்கத்துக்குப் பக்கத்தில் சென்னசமுத்திரத்தில் பிறந்து, வீடு வீடாகப் போய்ப் பொருள் சேர்த்து, 171 அடிக் கோபுரத்தை முடித்துக் காட்டிய ஒரு பெண்ணின் நினைவு இடிபாட்டுச் செய்தியாகவும் கட்சிச் சண்டையாகவும் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம். அந்த மடத்துக்கு என்ன வரலாறு, எந்தச் சுவர் எந்தக் காலத்தது, உள்ளே என்ன இருந்தது என்று முன்கூட்டியே அளந்து எழுதி வைத்திருந்தால் ஜேசிபி வந்த பிறகு அலைய வேண்டியிருக்காது.

இனி உங்கள் தரப்புக்கு வருகிறேன். முதல் தயக்கம் 2002-இல் உண்டானது, அது நியாயமானதும்கூட. அந்த ஆண்டு மத்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோது ஊரே கொதித்தது. வழிபாட்டில் கை வைப்பார்கள், சுற்றுவட்டாரத்தில் ஆணி அடிக்கக்கூட டெல்லியைக் கேட்க வேண்டும் என்று பயந்தோம். போராட்டமும் வழக்கும் நடந்தன, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அன்றிலிருந்து பாரம்பரியம், பாதுகாப்பு என்று யார் வாயெடுத்தாலும் நமக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் அன்று நாம் எதிர்த்தது எதை? உயிரோடு இருக்கும் வழிபாட்டுத் தலத்தை வெளியிலிருந்து ஒரு துறை எடுத்துக்கொள்வதை. இன்று நான் சொல்வது பூசையே நடக்காத, பாதி பூட்டிக் கிடக்கும் சத்திரத்தை அதன் அறங்காவலர்களே முன்வந்து திறப்பதை. உடைமை உங்களிடமே இருக்கும், நிபந்தனையையும் நீங்கள்தான் எழுதுவீர்கள். 2002-இல் அவ்வளவு உறுதியோடு நின்ற ஊர், தன் வரலாற்றைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்டவும் கடமைப்பட்டிருக்கிறது. வெளியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாமும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், அன்றைய போராட்டத்துக்குப் பாதி மதிப்புதான் மிஞ்சும்.

இரண்டாவது, உயில். முன்னோர் அன்னதானத்துக்கென்று எழுதி வைத்ததை அருங்காட்சியகம் ஆக்குவது தர்மத்துக்கு மாறு இல்லையா என்று கேட்பீர்கள். அன்னதானத்தை நிறுத்தச் சொல்பவன் நான் இல்லை. பின்கட்டில் இலை போடுவது போடட்டும். முன்கட்டும் மாடியும்தான் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன, அங்கேதான் இடம் கேட்கிறேன். பொது அறக்கட்டளையின் நோக்கத்தைக் காலத்துக்கேற்ப விரிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்திடம் திட்டம் கேட்கலாம். அறநிலையத் துறைக்கு உட்பட்டதென்றால், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். சிரமம்தான், ஆனால் வழி அடைபடவில்லை. இதைவிட ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்கட்டை இடித்துவிட்டுக் கடை வாடகைக்கு விடும்போது எந்த உயிலும் குறுக்கே வந்ததில்லை. வரலாற்றுக்கு இடம் கேட்கும்போது மட்டும் அது குறுக்கே வருவது சரியாகுமா?

மூன்றாவது, வருமானம். நீங்கள் எல்லோரும் நஷ்டப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கட்டடம் கேட்கிறேன். அதற்கும் நியாயமான குத்தகைத் தொகை இருக்கட்டும், மாநகராட்சியும் நன்கொடையாளரும் சேர்ந்து தரட்டும். ஆனால் பழைய கட்டடம் என்றாலே முடங்கிய பணம் என்ற நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம் ஆகிய பழைய வீட்டு விடுதிகள் இடிக்காமல் வைத்ததனால்தான் இன்று சம்பாதிக்கின்றன. எல்லா ஊரிலும் கிடைக்கிற அறைக்கு எல்லா ஊர் விலைதான் கிடைக்கும். திருவண்ணாமலையில் மட்டும் பார்க்க முடிகிற கூடத்துக்கு அந்தக் கட்டு கிடையாது.

கட்டடம் பலமில்லை, மழைக்கு ஒழுகுகிறது, நாளைக்கு யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. இதில் அலட்சியம் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய சுவர்கள் வயதால் சாவதைவிடத் தப்பான வைத்தியத்தால் சாவதே அதிகம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியும். மேலே தேக்கு உத்திரத்தின் மீது சிறு செங்கல்லைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தில், ஒழுகல் வந்ததும் கான்கிரீட்டைக் கொட்டுகிறார்கள். அந்தப் பாரம் தாங்காமல் உத்திரம் வளைகிறது. உடனே பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, இடிக்க வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுக்கிறார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிகளிலும் செட்டிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். இடிக்கச் சொல்லும் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கும் முன், அவர்களில் ஒருவரிடம் ஒரு தரம் காட்டுங்கள்.

யார் வந்து பார்ப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். இந்த ஊரைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது. பௌர்ணமிக்கு வருகிறவர் மத்தியானமே வந்து இறங்கிவிடுகிறார், வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கிறார். நடுவில் நான்கைந்து மணி நேரம் நிழல் தேடி, டீக்கடை வாசலிலும் மண்டபப் படியிலும் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு குளிர்ந்த கூடமும், குடிக்கத் தண்ணீரும், தன் ஊர்ப் பெயர் இருக்கிற ஒரு கல்வெட்டின் படியும் கிடைத்தால் வேண்டாம் என்பாரா? மற்ற ஊர் அருங்காட்சியகங்கள் ஆளைத் தேடுகின்றன. இங்கே ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இந்த அருங்காட்சியகம் உங்கள் முன்னோரின் புகழை மட்டும் பாடுவதாக இருக்கக் கூடாது. பல சத்திரங்கள் குறிப்பிட்ட சாதியாருக்கென்றே எழுதப்பட்டவை. பந்தி வேறு, கிணறு வேறு, வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் வேறு. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் வரும் வரை பெரிய கோயிலின் கதவே எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சோறு போட்ட தர்மமும் உண்மை, சோற்றுக்கு முன் சாதி கேட்டதும் உண்மை. இரண்டும் ஒரே கூடத்தில் நடந்தவை, ஆகவே இரண்டையும் அதே கூடத்தில்தான் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதால் உங்கள் குடும்பத்தின் பெயர் கெடாது. அந்தக் கதவை அன்று மூடியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று திறந்து வைத்தார்கள் என்று ஊர் பேசும். மண்பாண்டம் செய்தவர், தேர் வடம் பிடித்தவர், தீபக் கொப்பரையை மலை மேல் சுமந்தவர், பூக்கட்டியவர், நடுகல்லுக்குப் பொங்கல் வைக்கும் ஜவ்வாது மலை மக்கள் எல்லோருக்கும் அங்கே சுவரில் இடம் வேண்டும். கல்வெட்டில் பெயர் வராதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். வரும் கார்த்திகைத் தீபக் கொடியேற்றத்துக்கு முன்னால், சத்திர, மட அறங்காவலர்களும் மாட வீதி வீட்டுக்காரர்களும் ஒருமுறை ஒன்றாக உட்காருங்கள். உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், தன் கட்டடத்தின் முன்கட்டைத் தர இசைந்தால் போதும். பதினைந்தோ இருபதோ ஆண்டுக் குத்தகைக்குக் கொடுங்கள். அன்னதானம் தொடர வேண்டும், முகப்பை மாற்றக் கூடாது, உங்கள் அறக்கட்டளையின் ஆள் ஒருவர் நிர்வாகக் குழுவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். 2012-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது, புது மாநகராட்சி இருக்கிறது, வட்டாரமெல்லாம் அலைந்து நடுகல் தேடும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இருக்கிறார்கள். இசைவுக் கடிதம் ஒன்று உங்களிடமிருந்து வந்துவிட்டால் அவர்களிடம் போய்க் கேட்க எங்களுக்கு வாய் வரும். இடம் தர முடியாத மற்றவர்கள் பரணில் கிடக்கும் கட்டளைக் கணக்கு, ஓலைச்சுவடி, செப்பேடு, பழைய போட்டோ, விருந்துப் பாத்திரம் இவற்றில் எதையாவது எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள். இடித்தே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், முதல் கடப்பாறை விழும் முன் கட்டடத்தை அளந்து வரைய ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கூட்டத்துக்கு நாளும் இடமும் நீங்களே குறியுங்கள், மாட வீதியிலேயே ஒரு சத்திரக் கூடமாக இருந்தால் நல்லது.